நெற்றிச் சூடு

விடிந்தும் விடியாத நேரத்தில் வண்டி சலவைக்கூடத்தின் பின்பக்கமாக வந்து நின்று மூட்டைகளைக் கக்கியது. பெரிய ஆஸ்பத்திரியின் காய்ச்சல் வார்டிலிருந்து வரும் மூட்டைகளுக்கு மஞ்சள் கயிறு, மற்ற வார்டுகளுக்கு வெள்ளைக் கயிறு. போன வருஷம் வரைக்கும் பத்து மூட்டைக்கு ஒன்று மஞ்சளாக இருக்கும். இப்போது வெள்ளைக் கயிற்றைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகிவிட்டது.

மூட்டையைப் பிரித்ததும் முதல் வேலை உதறுவது. ஒவ்வொரு விரிப்பையும் இரண்டு பெண்கள் முனைக்கு முனை பிடித்து, தலைக்கு மேல் தூக்கி, இரண்டு முறை படீர் படீரென்று உதற வேண்டும். மடிப்புக்குள் ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோலோ ஊசியோ சிக்கிக்கொண்டு மெஷினுக்குள் போய்விட்டால் மெஷினுக்குக் காயம் பட்டுவிடும். மெஷின் வெளிநாட்டுச் சரக்கு. உதறும்போது கிளம்புகிற தூசு சன்னல் வெளிச்சத்தில் அவசரமே இல்லாமல் மிதந்து, உதறுகிறவர்களின் மூக்குக்குள் இறங்கியது. மூக்கு உள்ளூர்ச் சரக்கு. அதைப் பற்றி எந்த உத்தரவும் இல்லை.

உதறியது கொதிநீர் உருளைக்குப் போகும். அங்கிருந்து பிழிகிற தொட்டி, பிறகு உலர்த்தி, கடைசியில் இஸ்திரி உருளை. ஆளை விடப் பெரிய அந்த இரும்பு உருளையின் முன் பதினொரு வருஷமாக நிற்பவளை எல்லாரும் இஸ்திரியக்கா என்றே கூப்பிட்டார்கள். ஈரம் ஒரு துளி மிச்சமிருந்தாலும் துணியைத் தொட்ட மாத்திரத்தில் அவள் கை சொல்லிவிடும். உருளைக்கு எத்தனை சூடு என்று பார்க்க மெஷினில் ஒரு முள் உண்டு. முள் பழுதாகி மூன்று வருஷமாயிற்று. கை இருக்கும்போது முள் எதற்கு என்று முதலாளி அதை மாற்றவில்லை.

உள்ளே வருவதற்கு முன் வாசலில் ஒரு சடங்கு இருந்தது. காவலாளி காய்ச்சல் துப்பாக்கியை நெற்றிக்கு நேராக நீட்டுவார். தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போனால் துப்பாக்கி கீச்சென்று கத்தும். கத்தினால் பதினாலு நாள் வெளியே. கூலி கிடையாது. ‘நம் குடும்பத்தின் நலன் கருதி’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதி, கீழே முதலாளி கையெழுத்துப் போட்டிருந்தார். குடும்பத்தில் மொத்தம் நாற்பத்தொரு பேர். ஆளுக்கு மாதம் ஒரு முகக்கவசம் தரப்பட்டது. அதன் மேல் அச்சடித்திருந்த சலவைக்கூடத்தின் பெயர் துணியை விடக் கனமாக இருந்தது.

தடுப்பூசி வந்த புதிதில் தையல்காரம்மாதான் முதலில் போய்ப் போட்டுக்கொண்டாள். கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுகிறவள், எதையும் முறையாகச் செய்கிறவள். ஊசி போட்டால் ஒருநாள் காய்ச்சல் அடிக்கும், அது நல்லதுதான் என்று நர்ஸ் சொல்லியனுப்பியிருந்தாள். மறுநாள் காலையில் அந்த நல்ல காய்ச்சலோடு தையல்காரம்மா வாசலில் வந்து நின்றாள். துப்பாக்கி கத்தியது. ஊசிச் சீட்டை எடுத்து நீட்டினாள். சூப்பர்வைசர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “சீட்டு நல்லாத்தான் இருக்கு. காய்ச்சலும் இருக்கே” என்றார். பதினாலு நாள். திரும்பி வந்தபோது அவள் காதில் தோடு இல்லை.

அதற்கப்புறம் யாரும் ஊசி பக்கம் போகவில்லை. காரணம் மட்டும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டார்கள். எல்லாரிலும் உரக்கச் சொன்னவர் பாய்லருக்குக் கரி போடும் பாய்லர் அண்ணன். கரி படிந்த கையில் போனை வைத்துக்கொண்டு, “பாத்தியா, இந்த டாக்டரே சொல்றான், ஊசி போட்ட இடத்துல காந்தம் ஒட்டுதாம்” என்பார்.

“அவன் டாக்டரா அண்ணே? பின்னாடி காய்கறிக் கூடை தெரியுதே?” என்பாள் இஸ்திரியக்காவின் தங்கை. உதறுமேடையில் வேலை செய்பவள். எல்லாருக்கும் அவள் சின்னவள்.

“டாக்டர் காய்கறி திங்க மாட்டானா?” என்பார் அண்ணன். அறிவாளியோடு வாதாட முடியாது.

நெற்றி வித்தையைக் கண்டுபிடித்தவள் இஸ்திரியக்காதான். ஒருமுறை சொத்தைப் பல்லால் ஈறு வீங்கி உடம்பு கொதித்தபோது, மதில் ஓரக் குழாயடியில் துண்டை நனைத்து, சொட்டாதபடி முறுக்கிப் பிழிந்து, நாலாக மடித்து நெற்றியில் வைத்து நூறு எண்ணினாள். பிறகு துடைத்துவிட்டு நேராக வாசலுக்கு நடந்தாள். துப்பாக்கி பேசாமல் இருந்தது. சலவைக்காரர்களுக்குத்தான் இந்த நுணுக்கம் தெரியும். நைலான் கலந்த துணி உதவாது, முரட்டுப் பருத்திதான் சூட்டை இழுக்கும். சொட்டச் சொட்ட வைத்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். தங்கைக்குச் சொன்னாள். தங்கை ஊருக்கே சொன்னாள். ஒரு வாரத்தில் குழாயடியில் வரிசை நிற்க ஆரம்பித்தது. முதலாளியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்ட சந்தோஷத்தில், அந்தத் துணி மறைப்பது பல்வலிக் காய்ச்சலை மட்டும்தானா என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. இஸ்திரியக்காவும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் முன்பு சின்னவள் கேட்டிருந்தாள். “அக்கா, நாம ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கலாமா? தினம் மஞ்சக் கயிறா அவுக்கிறேன், பயமா இருக்கு.”

“இந்த மாசம் வாடகை போகட்டும்டி. அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

இதைத்தான் அக்கா சொன்னாள். பிற்பாடு தலையணையில் முகம் புதைத்து எத்தனை முறை யோசித்தாலும், இதைத் தவிர வேறு ஒன்றும் சொன்னதாக நினைவுக்கு வரவில்லை.

விழிப்புணர்வு முகாம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதிகாரியம்மா ஒரு கத்தைப் படிவத்தோடும், ஊசி மாதிரி வேஷம் கட்டிய ஓர் ஆளோடும் வந்தார். ஆறடி உயர ஊசி. கூடத்துச் சூட்டில் ஊசிக்குள்ளிருந்து மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். நோய் தொடங்கியதிலிருந்து அவர் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அறைக்குள்தான் இருந்தார். பேச்சு ஒலிபெருக்கி வழியாக வெளியே வரும். போட்டோ எடுக்கும் நாட்களில் மட்டும் ஆளே வருவார்.

“இது ஒரு யுத்தம்” என்று ஆரம்பித்தார். “நீங்க ஒவ்வொருத்தரும் போர்வீரர்கள். உங்க தளபதி நான் ரெண்டு ஊசியும் போட்டுட்டேன்.” சட்டையின் கையைச் சுருட்டிக் காட்டினார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் சூப்பர்வைசர் கைதட்டினார்.

அதிகாரியம்மா இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் வந்து பேனாவைத் திறந்தார். “ஏம்மா, ஊசி போட்டுக்கல?”

சூப்பர்வைசர் மூன்றடி தள்ளி நின்று, காதை மட்டும் இங்கே அனுப்பியிருந்தார்.

“என்னென்ன சொல்லலாம்மா?” என்று இஸ்திரியக்கா கேட்டாள்.

“பயம், வதந்தி, குடும்ப எதிர்ப்பு, மூடநம்பிக்கை. நாலுல ஒண்ணு சொல்லு, கட்டத்துல டிக் அடிக்கணும்.”

“கூலின்னு ஒரு கட்டம் இல்லையாம்மா?”

சூப்பர்வைசர் இருமினார். அதிகாரியம்மா படிவத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தார், பாவம். “அது தொழிலாளர் துறைம்மா. நாங்க சுகாதாரம்.”

“அப்ப பயம்னே போட்டுக்கங்க. ரெண்டு துறைக்கும் பொருந்தும்.”

பாய்லர் அண்ணன் தானாகவே முன்வந்து மூடநம்பிக்கையை எடுத்துக்கொண்டார். காந்தம் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். மூன்றாம் நாள் ‘அறியாமையில் உழலும் தொழிலாளர்கள்’ என்ற தலைப்பில் பத்திரிகையில் அவர் படம் வந்தது. இரண்டு பிரதி வாங்கினார்.

முகாம் முடிந்து, ஊசி வேஷக்காரன் தலையைக் கழற்றிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டான். சின்னவள் சொம்பை நீட்டிக்கொண்டே, “நீங்க போட்டுக்கிட்டீங்களா அண்ணா?” என்றாள்.

அவன் அதிகாரியம்மா இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். “எங்கேம்மா? இது தினக்கூலி. காய்ச்சல் வந்தா இந்த வேஷத்த வேற ஒருத்தன் மாட்டிக்குவான்.”

அன்று சாயங்காலம் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை குழாயடியில் சின்னவளின் நெற்றிக்கு அக்காதான் துணி வைத்தாள். சின்னவளால் துணியை முறுக்க முடியவில்லை.

“நெத்திக்கும் இஸ்திரி போடுறியா அக்கா? சுருக்கமெல்லாம் போயிடணும்” என்று கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள்.

நாற்பது எண்ணுவதற்குள் துணி சுட்டது. மறுபடி நனைத்து வைத்தாள். மறுபடியும் சுட்டது. பழுதான முள்ளுக்குப் பதிலாகப் பதினொரு வருஷம் வேலை பார்த்த கை அது. இது என்ன சூடு என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது.

“உடம்பு எப்படிடி இருக்கு?”

“நேத்து ரெட்டை ஷிப்டுல்ல? அசதி. இருமல்கூட இல்ல பாரு.”

“வீட்டுக்குப் போயிடு.”

“போறேன். பதினாலு நாளைக்கு நீ சோறு போடுறியா?”

அக்கா குழாயைத் திறந்தாள். மூன்றாவது முறையாகத் துணியை நனைத்து, இன்னும் இறுக்கிப் பிழிந்து, நெற்றியில் வைத்து அழுத்திப் பிடித்தாள். நூறு எண்ணினாள். நூற்றைம்பதும் எண்ணினாள். சின்னவள் உள்ளே போனாள். துப்பாக்கி வாயே திறக்கவில்லை.

பதினொன்றரை மணிக்கு உதறுமேடையில் கூச்சல் கேட்டது. சின்னவள் மஞ்சள் மூட்டை மேல் குப்புற விழுந்து கிடந்தாள். விரிப்பின் எதிர்முனையைப் பிடித்திருந்த பெண் அதை விடாமல் பிடித்தபடியே நின்றாள். அவள் சின்னவளின் ஜோடிக்காரி, ஆறு வருஷமாக அந்த முனை அவளுடையதுதான். சின்னவளின் உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினாள். காற்று உள்ளே போகவில்லை.

துணி வண்டியை ஓட்டுகிறவன் சின்னவளின் புருஷன்தான். காலி மூட்டைகளுக்கு நடுவே அவளைப் படுக்க வைத்து அதே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வராந்தாவில் நாலு மணி நேரம் காத்திருந்த பிறகு, யாரோ ஒருவர் செத்ததால் ஒரு கட்டில் கிடைத்தது. அக்காவை உள்ளே விடவில்லை. கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்தாள். மூக்கில் குழாய். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் படுத்திருந்த விரிப்பின் ஓரத்தில் சலவைக்கூடத்தின் முத்திரை தெரிந்தது. மடிப்புக் கோடு கத்தி மாதிரி நின்றது. ஆஸ்பத்திரி முழுக்க எல்லா விரிப்பிலும் அந்தக் கோடு இருக்கும். போட்டது அக்காதான்.

ஐந்து நாளில் இன்னும் மூன்று பேர் விழுந்தார்கள். மூன்று பேரும் குழாயடிக்கு வந்து போனவர்கள். அவர்களில் ஒருத்தியான ஜோடிக்காரி நாலாவது நாள் இறந்துபோனாள். முப்பத்திரண்டு வயசு. முதலாளி மலர்வளையம் அனுப்பினார். குறுக்கே ஓடிய நாடாவில் முதலாளியின் பெயரும் பட்டங்களும் இருந்தன. செத்தவள் பெயருக்கு நாடா போதவில்லை.

உதறுமேடை காலியாக இருக்கக் கூடாதென்று வேறு இரண்டு பெண்களை நிறுத்தினார்கள். படீர் படீரென்று சத்தம் கேட்டபடியே இருந்தது. இஸ்திரியக்கா ஒவ்வொரு படீருக்கும் உடம்பு தூக்கிப் போட நின்றாள். அன்று உருளையில் இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டாள். பதினொரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவளும் பாய்லர் அண்ணனும் தையல்காரம்மாவும் கண்ணாடி அறைக்கு முன்னால் போய் நின்றார்கள். ஒலிபெருக்கி கொரகொரத்தது.

“சொல்லுங்க. சுருக்கமா.”

“என் தங்கச்சி ஆஸ்பத்திரில கெடக்குறா சார்.”

“தெரியும்மா. ரொம்ப வருத்தம். அறிவிப்புப் பலகைல போட்டிருக்கேனே.”

“கூட நின்ன பொண்ணு போயிட்டா.”

“மலர்வளையம் அனுப்பினேன்.”

“பாத்தோம் சார்” என்றார் பாய்லர் அண்ணன். “உங்க பேரு தூரத்துலேந்தே தெரிஞ்சுது.”

முதலாளி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். “நான் எத்தனை தடவை சொன்னேன், ஊசி போட்டுக்கங்கன்னு? முகாம் வெச்சேன், ஆளுயர ஊசிய வரவெச்சேன். உங்க அறியாமைக்கு நான் என்ன பண்ண முடியும்?”

“போட்டுக்கிறோம் சார்” என்றாள் இஸ்திரியக்கா. “போட்டா ஒண்ணு ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். அந்த ரெண்டு நாளைக்குக் கூலி குடுங்க. நெசமாவே நோய்னா குணமாகுற வரைக்கும் குடுங்க. யாரும் எதையும் மறைக்க மாட்டோம். அப்புறம் உதறுறவங்களுக்கு நல்ல முகக்கவசம், கையுறை வேணும்.”

“அது எப்படிம்மா? ஊசிக் காய்ச்சல் எது, நோய்க் காய்ச்சல் எதுன்னு துப்பாக்கிக்குத் தெரியுமா?”

“துப்பாக்கிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே சார், சீட்டு குடுக்குறாங்களே” என்றாள் தையல்காரம்மா. அவள் இத்தனை நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“இன்னைக்கு ஊசிக் காய்ச்சலுக்குக் கேப்பீங்க. நாளைக்குச் சும்மா வர்ற காய்ச்சலுக்கும் கேப்பீங்க.”

“கேப்போம் சார்” என்றார் பாய்லர் அண்ணன்.

கண்ணாடிக்குப் பின்னால் முதலாளியின் முகம் சிவந்தது. பிறகு தத்துவத்துக்குத் தாவினார். “இந்தக் கிருமி ஏழை பணக்காரன்னு பாக்குறதில்ல. உங்களுக்கு என்ன ஆபத்தோ அதேதான் எனக்கும். நாம எல்லாரும் ஒரே படகுல இருக்கோம்.”

நாலு பக்கமும் கண்ணாடி வைத்த படகை மூன்று பேரும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

பத்து மணி டீக்கு எல்லாரும் பின்முற்றத்தில் கூடினார்கள். நனைந்த விரிப்புகள் கொடியில் கனத்துத் தொங்கின. இஸ்திரியக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

“ஒண்ணு சொல்லணும். அந்தத் துணி வித்தைய ஆரம்பிச்சது நான். அன்னைக்குக் காலையில அவ நெத்தியில துணி வெச்சதும் நான்தான். சுட்டுச்சு. மூணு தடவை சுட்டுச்சு. தெரிஞ்சேதான் உள்ள அனுப்பினேன்.” கொடியில் தொங்கிய விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். “அவ போய் அந்தப் பொண்ணுக்கு எதிர்ல நின்னா. அந்தப் பொண்ண நான்தான் கொன்னேன்.”

யாரும் ‘அப்படியெல்லாம் சொல்லாதே’ என்று சொல்லவில்லை. அந்தத் துணியை நெற்றியில் வைத்துக்கொள்ளாதவர் அங்கே ஒருவரும் இல்லை.

கடைசியில் பாய்லர் அண்ணன்தான் வாயைத் திறந்தார். டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு பேசினார். “அந்தக் காந்தக் கதைய நான் நம்பவே இல்ல. எனக்கு மூணு புள்ளைங்க. பதினாலு நாள் கூலி போச்சுன்னா அதுங்க தட்டு காலி. கூலிக்குப் பயந்தவன்னு சொல்லிக்கிறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அறிவாளின்னு சொல்லிக்கிட்டா கௌரவமா இருந்துச்சு.” மூக்கை உறிஞ்சினார். “அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து கேட்டா, ‘அண்ணே, ஊசி போட்டுக்கலாமா’ன்னு. வேணாம்னேன். வீடியோ காட்டினேன்.”

கொடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

“ஒருத்தர் ஒருத்தரா போட்டுக்கிட்டா ஒருத்தர் ஒருத்தரா வெளிய தள்ளுவான்” என்றாள் தையல்காரம்மா. “என்னைத் தள்ளுன மாதிரி. அன்னைக்கு வாசல்ல நான் மட்டும்தான நின்னேன்?”

இஸ்திரியக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அன்று காலை வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றது தானேதான் என்பது நினைவுக்கு வந்தது. அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிருந்தாள்.

“எல்லாரும் ஒரே நாள்ல போட்டுக்கலாம்” என்றாள். “காய்ச்சல் வந்தா எல்லாருக்கும் ஒண்ணா வரட்டும். துணி வேணாம். இருக்குற சூட்டோட போய் வாசல்ல நிப்போம். எத்தனை பேரத் தள்ளுறான்னு பாப்போம்.”

“ஆஸ்பத்திரிக்கு விரிப்பு?” என்று ஒருத்தி கேட்டாள். எல்லாருக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அங்கே கிடப்பவர்கள் முதலாளியின் சொந்தக்காரர்கள் இல்லை.

“ரெண்டு நாளைக்குத் தேவையானத முன்னாடியே வெளுத்து அனுப்பிடுவோம்.”

அந்த வாரம் சலவைக்கூடம் அதுவரை காணாத வேகத்தில் ஓடியது. விரிப்புகள் மலையாகக் குவிந்து ஆஸ்பத்திரிக்குப் போயின. “ஒரு முகாம் வெச்சதுக்கே என்னா சுறுசுறுப்பு!” என்று சூப்பர்வைசர் கண்ணாடி அறைக்குப் போய்த் தகவல் சொன்னார். முதலாளி அடுத்த முகாமுக்குத் தேதி யோசித்தார்.

வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்ததும், செத்தவளும் படுத்த படுக்கையாக இருந்தவர்களும் போக மீதி முப்பத்தேழு பேரும் பள்ளிக்கூடத்து ஊசி முகாமுக்கு வரிசையாக நடந்தார்கள். ஏற்கெனவே ஓர் ஊசி போட்டிருந்த தையல்காரம்மா இரண்டாவதுக்கு வந்தாள். அதிகாரியம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. “பாத்தீங்களா, மூடநம்பிக்கை எப்படி ஓடிப்போச்சு!” என்று ஓடி ஓடிப் படம் எடுத்தார். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஊசி இறங்கும்போது பாய்லர் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஐந்தரை மணி. குழாயடியில் ஆள் இல்லை. இஸ்திரியக்காவுக்கு இரவெல்லாம் எலும்புக்குள் குளிர் ஓடியிருந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு வரிசையின் முன்னால் நின்றாள்.

கீச்.

“நூத்தியொண்ணு” என்றார் காவலாளி. “வெளிய நில்லும்மா.”

கீச். கீச். ஒரு தடவை மௌனம். மறுபடி கீச். இருபத்தாறு தடவை அது கத்தியது. பரபரப்பாக வெளியே ஓடிவந்த சூப்பர்வைசர், “என்ன இது, துப்பாக்கி கெட்டுப்போச்சா?” என்று வாங்கித் தன் நெற்றியிலேயே வைத்துப் பார்த்தார். அது பேசவில்லை. நல்ல துப்பாக்கிதான்.

பதினொரு பேருக்குக் காய்ச்சல் இல்லை. இதை யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. எல்லாருக்கும் வரும் என்றே நினைத்திருந்தார்கள். பதினொருவரில் முதல் ஆள் பாய்லர் அண்ணன்.

“தொண்ணூத்தியேழரை” என்றார் காவலாளி. கதவு திறந்தது.

சூப்பர்வைசரின் முகம் மலர்ந்தது. பாய்லர் எரிந்தால் ஆவி வரும், ஆவி வந்தால் கூலிக்கு நாலு பேரைப் பிடித்து மீதியைப் பார்த்துக்கொள்ளலாம். “அண்ணே, வாங்கண்ணே!” என்றார். இருபது வருஷத்தில் ‘டேய்’ தவிர வேறு எதையும் கேட்டிராத பாய்லர் அண்ணன் திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு யாரையாவது கூப்பிடுகிறாரோ என்று. “இன்னைக்கு டபுள் கூலிண்ணே. நீங்க வெளிய நிக்க வேண்டிய ஆளே இல்ல. துப்பாக்கியே சொல்லிடுச்சே!”

இஸ்திரியக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்று பிள்ளைகளின் தட்டு அவளுக்கும் தெரிந்தது. ‘போகாதீங்க அண்ணே’ என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள். திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் புகை வராத புகைபோக்கி நின்றது. பாய்லர் அண்ணன் ஒரு காலை எடுத்து வைத்தார். நின்றார்.

“தண்ணிய ஊசின்னு சொல்லிப் போட்டு அனுப்பிட்டானுங்க போல” என்று முணுமுணுத்தார். “ஒரு காய்ச்சலுக்குக்கூட எனக்குக் கொடுப்பினை இல்ல.”

பிறகு சூப்பர்வைசரிடம், “எனக்குக் காய்ச்சல் இல்ல சார். ஆனா அந்தப் பொண்ணுக்கு நான் வேணாம்னு சொன்னேன்” என்றார். சூப்பர்வைசருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வைக்க அண்ணனும் மெனக்கெடவில்லை. வந்து இஸ்திரியக்காவுக்குப் பக்கத்தில் சாலையோரத்தில் உட்கார்ந்தார். காய்ச்சல் இல்லாத மற்ற பத்துப் பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்தவள் அழுதுகொண்டே உட்கார்ந்தாள். அவளுக்கு வீட்டில் கைக்குழந்தை.

ஆறு மணிக்கு மஞ்சள் மூட்டைகளோடு வண்டி வந்தது. சின்னவளின் புருஷன் ஆட்களைப் பார்த்தான், திறந்து கிடந்த கதவைப் பார்த்தான். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான்.

“எப்படிப்பா இருக்கா?” இஸ்திரியக்கா போர்வையோடு எழுந்து அவனிடம் போனாள்.

“அப்படியேதான் இருக்காக்கா. குழாய இன்னும் எடுக்கல. காலையில கண்ணத் தொறந்தாளாம், நர்ஸ் சொன்னாங்க. மறுபடி மூடிக்கிட்டாளாம். டாக்டர் எதுவும் சொல்ல மாட்டேங்குறாரு.”

அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

வெயில் ஏறியது. ஒன்பது மணிவாக்கில் முதலாளியே நடந்து வந்தார், போட்டோக்காரன் இல்லாமல். கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு, “ரெண்டு பேர் மட்டும் உள்ள வாங்க, பேசலாம்” என்றார்.

“காய்ச்சல்காரங்கள உள்ள விடக் கூடாதுன்னு பலகைல இருக்கே சார். கீழ உங்க கையெழுத்து” என்றாள் தையல்காரம்மா. “நீங்க வெளிய வாங்க. நீங்கதான் ரெண்டு ஊசி போட்டிருக்கீங்களே.”

சிரிப்பு வரிசையில் ஓடியது. காய்ச்சல் சிரிப்பு, இருமலும் நடுக்கமுமாக. முதலாளி சிரிக்கவில்லை. “வேற ஆளே கிடைக்காதுன்னு நினைச்சீங்களா? திங்கக்கிழமைக்குள்ள நாற்பது பேரை எறக்குறேன்” என்றார்.

“எறக்குங்க சார்” என்றாள் இஸ்திரியக்கா. பல் கிட்டியது, தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினாள். “வர்றவங்க எங்க பக்கத்துலதான் எறங்கணும். பதினாலு நாள் கதைய அவங்களுக்கும் சொல்லுவோம். அந்தப் பொண்ணு செத்த கதையையும் சொல்லுவோம். என்னால செத்ததையும் சேத்துச் சொல்லுவேன்.”

முதலாளி போனை எடுத்து ஓர் எண்ணைத் தட்டினார். பிறகு போனைக் காதில் வைத்தபடி உள்ளே போனார். ஆஸ்பத்திரியில் விரிப்பு நாளை மாலை வரைக்கும்தான் தாங்கும். அது அவருக்கும் தெரியும், வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும். அதற்குப் பிறகு என்ன என்பது யாருக்கும் தெரியாது.

குளிர் மறுபடி தூக்கிப் போட்டது. தையல்காரம்மா தன் போர்வையின் பாதியை இஸ்திரியக்காவின் தோள் மேல் இழுத்துப் போட்டாள். மறுபக்கம் கைக்குழந்தைக்காரி நெருங்கி ஒட்டிக்கொண்டாள். இஸ்திரியக்கா கையை எடுத்து அவள் முதுகில் வைத்தாள். ஈரமா, காய்ந்ததா, எத்தனை சூடு என்று தொட்ட மாத்திரத்தில் சொல்லும் கைக்கு, இப்போது எந்தச் சூடு தன்னுடையது, எந்தச் சூடு பக்கத்தில் இருப்பவளுடையது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சூப்பர்வைசர் கதவிடுக்கில் தலையை நீட்டினார். “எப்பம்மா எந்திரிப்பீங்க?”

“அவரு எறங்கி வந்ததும்” என்றாள் அவள்.

அப்புறம் எல்லாரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள், பின்னால் வந்து சேர்கிறவர்களுக்கு இடம் வேண்டும் என்று.